மூக்குக்காரர் வாங்கிய வண்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், தெருவிளக்குக் கம்பங்களுக்குத் துரு பிடிக்காமல் ஜிங்க் பூசித் தருகிற கம்பெனி ஒன்றில் ராஜமாணிக்கத்துக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஜிங்க் பூசுவதற்கு முன்னால் கம்பத்தை ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். தொட்டியில் ஆசிட் நீர்த்துப் போயிருக்கிறதா இல்லையா என்பதை லேப்காரர்கள் கண்ணாடிக் குழாயில் சொட்டு சொட்டாக விட்டுப் பார்த்து, அரை மணி நேரம் கழித்துச் சொல்வார்கள். ராஜமாணிக்கம் தொட்டி ஓரமாகப் போய் நிற்பார். மூக்கை லேசாகத் தூக்கி ஒரு இழுப்பு இழுப்பார். "பத்து பர்சென்ட் கூட இல்ல, ரெண்டு கேன் ஊத்து" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். லேப் ரிசல்ட் பின்னாலேயே வந்து அதையேதான் சொல்லும். அதனால் கம்பெனியில் அவருக்கு மூக்குக்காரர் என்று பெயர். புதிதாகச் சேர்ந்த என்ஜினியர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கும்பிடு போடுவார்கள்.

அந்த மூக்கு செத்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

கொரோனா இரண்டாவது அலையில் காய்ச்சல் வந்து படுத்தபோது போனது. ஊரில் எல்லாருக்கும்தான் போனது, எல்லாருக்கும் திரும்பி வந்தது. இவருக்கு மட்டும் வரவில்லை. கொரோனா தின்றதா, அதற்கு முன்னாலேயே ஆசிட் ஆவி பாதியைத் தின்றுவிட்டதா என்று டாக்டரைப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் டாக்டர் ஒரு சீட்டு எழுதுவார். சீட்டில் எழுதிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ராஜமாணிக்கம் பயந்தார். அதனால் வாயை மூடிக்கொண்டு, கம்பத்தை முக்கினதும் எழும்பும் நுரையைப் பார்த்தும், துரு கழல எத்தனை நிமிஷம் ஆகிறது என்று வாட்சைப் பார்த்தும் பர்சென்ட்டைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டார். கண்டுபிடித்து முடித்த பிறகுதான் மூக்கைத் தூக்குவார். வேஷம் கட்டி ஆடுகிறவனுக்காவது விடிந்தால் ஓய்வு உண்டு, எனக்கு மூன்று ஷிப்ட்டிலும் கூத்து என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வார்.

வீட்டுக் கூத்து இதைவிடப் பெரிது. அவர் மனைவி சாராள் மீன் குழம்பு வைப்பதில் பேர்போனவள். தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, "தெருமொனைலயே வாசன தூக்குச்சு சாரா" என்று சொல்லிக்கொண்டு நுழைவார். ஒருநாள் அப்படிச் சொன்னபோது அவள் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. "அப்ப பக்கத்து ஊட்டுதா? அதான் ஒரு மாதிரி இருந்துச்சு" என்று சமாளித்தார். அதற்கும் சாராள் முகம் மலர்ந்தது. கம்பெனியில் மரியாதை போனால் போகட்டும், அதையாவது தாங்கிக்கொள்ளலாம். நாலு வருஷமாக அவளைப் புகழ்ந்ததெல்லாம் பொய் என்று தெரிந்தால் இந்த முகம் என்ன ஆகும்? அவருடைய பயமெல்லாம் அந்த ஒன்றுதான்.

இப்படிப்பட்ட மனுஷர்தான் பழைய கார் வாங்கக் கிளம்பினார்.

மகள் ஏஞ்சலினைத் திருவள்ளூர் பக்கம் மணவாள நகரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாசமாக இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயில் என்றால் சென்னைக்குப் போய் மாறி வர வேண்டும். பஸ் என்றால் பெரியபாளையத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு முண்டியடிக்க வேண்டும். "எம்பொண்ணு சொந்தக் கார்லதான் வரும்" என்று ராஜமாணிக்கம் கேன்டீனில் அறிவித்துவிட்டார். அறிவித்த பிறகுதான் விலை விசாரித்தார்.

புரோக்கர்கள் காட்டிய வண்டி எல்லாமே சிங்கிள் ஓனர், எல்லாமே டாக்டர் வைத்திருந்த வண்டி. திருவள்ளூர் மாவட்டத்தில் இத்தனை டாக்டர்கள் இருந்தால் ஒருத்தருக்கும் சளிகூடப் பிடிக்காதே என்று அவர் புரோக்கர்களை விரட்டிவிட்டார். கடைசியில் பழவேற்காட்டில் ஹபிபுல்லா என்கிற வியாபாரி சொந்த வண்டியை விற்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு தனியாகப் போனார். துணைக்கு வருவதாகச் சொன்ன சாராளிடம், "வண்டி பாக்கறது பொம்பள வேலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

வெள்ளை நிறத்தில் சின்ன பெட்ரோல் வண்டி. பதினைந்து வயசு முடிந்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்னும் ஐந்து வருஷத்துக்குச் செல்லும் என்று எழுதி வாங்கியது. ராஜமாணிக்கம் சும்மா போகவில்லை. கம்பெனியில் ஜிங்க் பூச்சின் கனத்தை அளக்கிற மீட்டரை மேனேஜரிடம் கெஞ்சி வாங்கிப் போயிருந்தார். அதைக் கதவு கதவாக ஒற்றி, எங்கெங்கே பட்டி பார்த்து மறு பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சைலன்சருக்குப் பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்து ஆயில் தெறிக்கிறதா என்று பார்த்தார். ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்தார். காலடி ரப்பர் விரிப்பைத் தூக்கிக்கூடப் பார்த்தார். அடியில் பளபளவென்று பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. வீட்டுப் பெண்களின் கல்யாணப் புடவையிலிருந்து உதிர்ந்த ஜிகினா என்று நினைத்துக்கொண்டார்.

அது ஜிகினா இல்லை, மீன் செதில். ஹபிபுல்லாவின் தொழில் கருவாடு. எட்டு வருஷமாகப் பின்சீட்டை மடக்கிவிட்டு, பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு அந்த வண்டியில் மூட்டை மூட்டையாகக் கருவாடு போயிருக்கிறது. சீட்டுப் பஞ்சு, கூரைத்துணி, ஏசி குழாய் எல்லாவற்றிலும் அது ஊறிக் குடியிருந்தது. கதவைத் திறந்தால் நாலு வீடு தள்ளியிருந்த பூனை எழுந்து வந்தது. பூனை வந்ததை ராஜமாணிக்கமும் பார்த்தார். "பாய் ஊட்டுப் பூனையா? நல்லா பழகுது" என்று தடவிக்கொடுத்தார்.

ஹபிபுல்லா நேர்மையான மனுஷர். "நான் எதையும் மறைக்கலண்ணே. வண்டியில இருக்கறது உங்களுக்கே தெரியும். வர்றவங்க எல்லாம் அதுக்குத்தான் வேணாம்னு போய்ட்டாங்க. அத மனசுல வச்சிதான் இந்த வெல சொல்றேன்" என்றார்.

கதவடியில் இருந்த துருவைச் சொல்கிறார் என்று ராஜமாணிக்கம் எடுத்துக்கொண்டார். "தெரியுது பாய். நான் அதுலயே இருபது வருஷமா வேல பாக்கறவன். எனக்கு அது ஒரு விஷயமே இல்ல."

"நம்ம தொழில்தானா?" என்று ஹபிபுல்லா சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் குறைத்தார். நான் பேரம் பேச வாயே திறக்கவில்லை, மனுஷன் தானாகவே இறங்குகிறான், என் மூஞ்சியில் அப்படி ஒரு களை என்று ராஜமாணிக்கம் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் வண்டிக்கு ஜெபம் செய்ய பாஸ்டர் யேசுதாஸ் வந்தார். சைக்கிள் வாங்கினாலே முக்கால் மணி நேரம் ஜெபிக்கிறவர். முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் கை வைத்தார். கர்ச்சீப்பை எடுத்தார். "ஆண்டவரே, இந்த வண்டியை நீர் அறிவீர், ஆமென்" என்று இறங்கிவிட்டார். வயசாகிறது பாவம், உடம்புக்கு முடியவில்லை போல என்று ராஜமாணிக்கம் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

தெருவில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மூக்குக்காரருக்கே தெரியாததா, தெரிந்துதானே வாங்கியிருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். சாராளும் அப்படித்தான் நினைத்தாள். மகளுக்காகக் கையில் இருந்ததை வைத்து ஏதோ வாங்கிவிட்டார், சொன்னால் மனசு உடைந்துபோகும் என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஷிப்ட்டுக்குப் போன நேரத்தில் சோப்புத்தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். சீட்டுக்கடியில் எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்தாள், கற்பூரம் கட்டித் தொங்கவிட்டாள். ராஜமாணிக்கம் அதைப் பார்த்துவிட்டு, "சர்ச்சுக்குப் போற குடும்பம், கண்ணு பட்டுடும்னு எலுமிச்சம்பழம் வச்சிக்கினு கீறியே, உனக்கே நல்லாகீதா?" என்று கண்டித்தார். சாராள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள்.

கருவாட்டை விட்டுப் பார்த்தால் வண்டி தங்கம்தான். மழையிலும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். ராஜமாணிக்கமும் அதைக் கைக்குழந்தை மாதிரிதான் பார்த்துக்கொண்டார். ஞாயிறு தோறும் டயர் காற்று, ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரி முனையில் படியும் பச்சைப் பூவைச் சுரண்டி வாசலின் தடவுவது எல்லாம் ஒழுங்காக நடந்தது. கவரைப்பேட்டை மெக்கானிக் வெங்கடேசன் வண்டியைச் சுற்றி வந்து, மூக்கைத் தேய்த்துக்கொண்டு சொன்னான்: "வண்டி சூப்பர்ணே. பழசுங்கறதால தெனம் பானெட்ட தொறந்து ஒருதபா மோந்து பாத்துடு. பெட்ரோல் லீக்கு, கிளட்ச் கருகறது எல்லாம் மொதல்ல மூக்குக்குத்தான் தெரியும். உனக்கு நான் சொல்லணுமா?"

"நீ சொல்லணுமா?" என்று ராஜமாணிக்கமும் சிரித்தார். அன்றிலிருந்து தினம் காலையில் பானெட்டைத் திறந்து, குனிந்து, தெரு பார்க்க ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மூடுவார். வெறும் காற்று உள்ளே போய் வெறும் காற்றாக வெளியே வரும்.

ஏஞ்சலினை அழைத்துவரும் நாள் வந்தது. காலை ஏழு மணிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பினார்கள். ஜனப்பன்சத்திரம் தாண்டி வலது பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். சாராள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னாங்க, பெட்ரோல் வாட அடிக்குது?" என்றாள்.

"காலைல டேங்க் ரொப்பனோம்ல, அதான்."

இரண்டு கிலோமீட்டர் போனது. "அதிகமாவுதுங்க. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுது, தெரியுது. லாரி ஏதாச்சும் முன்னால போவுதோ இன்னாவோ."

ரோட்டில் லாரியே இல்லை. ராஜமாணிக்கம் வேகத்தைக் குறைத்தார். மூக்கைச் சுருக்கி, விரித்து, நெஞ்சு முட்ட இழுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. லீக் இருக்கிறதா, டேங்க் மூடியில் சிந்தியதுதானா, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எதுவும் தெரியவில்லை. ஆசிட் தொட்டியாவது நுரையைக் காட்டும். இன்னும் ஒரு மணி நேரத்தில் எட்டு மாசப் பிள்ளையைச் சுமந்துகொண்டு மகள் இதே பின்சீட்டில் உட்காருவாள். பெரியபாளையத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினார். சாவியைத் திருப்பி அணைத்தார்.

"சாரா, எறங்கு."

"இன்னா ஆச்சு?"

"எனக்கு எதுவும் தெரியல. பெட்ரோலும் தெரியல, எதுவுமே தெரியல. கொரோனா வந்துச்சே, அப்பலேந்து மூக்கு செத்துப்போச்சு. நாலு வருசமா உங்கிட்ட பொய் சொல்லிக்கினு கீறேன்."

சாராள் கதவைத் திறந்து இறங்கி நின்றாள். "அப்ப இந்தக் கருவாட்டு நாத்தமும் தெரியலையா?"

"எந்தக் கருவாடு?"

"வண்டி பூரா கருவாடுதான்! ஊரே மூக்கப் பொத்திக்கினு கீது! நான் எலுமிச்சம்பழமா வச்சி சாவறேன்!"

ராஜமாணிக்கம் இறங்கி வண்டியைப் பார்த்தார். ஹபிபுல்லா தானாகவே விலையில் இறங்கியது, பூனை வந்தது, ஜிகினா, பாஸ்டரின் கர்ச்சீப் எல்லாம் வரிசையாக வந்து அவர் மண்டையில் குட்டின. அடிக்கிற நாற்றத்தை வீடு வரைக்கும் பெருமையாக ஓட்டி வந்து, அந்த நாற்றத்துக்கு ஜெபமும் பண்ணவைத்து, பாஸ்டருக்கு இளநீரும் கொடுத்திருக்கிறேனே! ரோட்டோரத்தில் நின்று அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

சாராள் சிரிக்கவில்லை. "அப்ப கொழம்பு?" என்று கேட்டாள்.

அவர் சிரிப்பு நின்றது. "உப்பு, காரம், புளிப்பு தெரியும்."

"மத்தது?"

"நீ ஊத்தறப்ப உன் மூஞ்சியப் பாப்பேன். உனக்குப் புடிச்சமாரி வந்திருந்தா மூஞ்சில தெரியும். அதப் பாத்து சொல்லுவேன்."

அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் கத்தினாள். மரியாதை எல்லாம் பறந்துபோய் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயில் 'நீ' வந்தது. "இன்னாய்யா ஆளு நீ! போன வருசம் எங்கக்கா ஊட்ல பத்து நாளு இருந்துட்டு வந்தேன். கேஸ் சிலிண்டர வச்சிக்கினு தனியா இருந்தியே, லீக்காயிருந்தா? நீ பாட்டுக்கு லைட்டப் போட்டிருப்பியே! கொழம்பப் புகழலைன்னா நான் செத்தாபோயிடுவேன்? நீ செத்திருப்பியேய்யா! ஏன் இன்னும் வண்டிகிட்டயே நிக்கற? இந்தப் பக்கம் வா!"

ராஜமாணிக்கம் ஓடி வந்து அவள் பக்கத்தில் நின்றார். இத்தனை நாள் எதற்குப் பயந்தாரோ அது நடந்து முடிந்துவிட்டது. அவள் முகம் வாடத்தான் வாடியது. ஆனால் குழம்புக்காக வாடவில்லை. தான் எப்பேர்ப்பட்ட மடையன் என்று அவருக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

கொஞ்சம் ஆறினதும் சாராளே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினாள். பானெட்டைத் திறக்கச் சொல்லிக் குனிந்து மோந்தாள். "இங்க இல்ல." பக்கவாட்டில் வந்தாள், பின்னால் போனாள். வலது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, "இங்கதான்" என்றாள். ராஜமாணிக்கம் படுத்து உள்ளே கையை விட்டார். டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய் விரலில் ஈரமாக, ஐஸ் மாதிரி ஜில்லென்று பட்டது. குழாய் வெடித்து, சொட்டு சொட்டாகப் பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. போன் பண்ணினதும் வெங்கடேசன் ஒரு அடி குழாயும் இரண்டு கிளிப்பும் எடுத்துக்கொண்டு பைக்கில் வந்து மாற்றிக் கொடுத்தான். "நீ எப்படிண்ணே இத மோந்து புடிக்காம உட்டே?" என்று ஆச்சரியப்பட்டான்.

"என் மூக்கு இப்ப இவகிட்டகீதுப்பா" என்றார் ராஜமாணிக்கம். நாலு வருஷத்தில் வெளியாள் ஒருத்தரிடம் அவர் முதல் தடவையாகச் சொன்ன உண்மை, வெங்கடேசன் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தான்.

மணவாள நகரில் ஏஞ்சலின் ஆசையாக வாசலுக்கு வந்தாள். அப்பா வாங்கின காரின் கதவைத் திறந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி வாந்தி எடுத்தாள். அதற்குமேல் பேச்சில்லை. மாப்பிள்ளை அன்புசெல்வன் போனில் ஏசி டாக்சி பிடித்தான். மகளும் மாப்பிள்ளையும் அதில் முன்னே போக, சொந்தக் கார் காலியாகப் பின்னே போவதாக முடிவானது. சாராளை மகளோடு உட்காரச் சொன்னார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவள மாப்ள பாத்துப்பாரு. இவரு கூட நான் வரேன். மறுபடியும் ஏதாச்சும் வாட வந்தா யாரு சொல்றது?"

எந்த மகளுக்காக வண்டி வாங்கினாரோ அவள் வாடகைக் காரின் பின்கண்ணாடியில் தெரிந்தாள். ராஜமாணிக்கம் கண்ணாடி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அதைத் தொடர்ந்து ஓட்டினார். இதைக் கேன்டீனில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, நானே முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்துவிட வேண்டும், மற்றவர்களுக்கு மிச்சம் வைக்கக்கூடாது என்று தீர்மானித்தார். ஆசிட் தொட்டி விஷயத்தையும் மேனேஜரிடம் சொல்லிவிட வேண்டும்.

தாமரைப்பாக்கம் தாண்டினதும் சாராள் தானாகவே சொன்னாள். "இங்க யாரோ செங்கல் சுடறாங்க. பொக வாட."

"ம்."

"இப்ப மல்லி. தோட்டம் கிட்டக்க எங்கியோ கீது."

பெரியபாளையத்தில் அம்மன் கோயில் பக்கம் வேப்பிலையும் கற்பூரமும் என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் எண்ணெயில் பஜ்ஜி என்றாள், எண்ணெய் பழசு என்றும் சேர்த்துக்கொண்டாள். அவருக்கு நாலு வருஷமாக ஊமையாகக் கிடந்த ரோடு இப்போது பேசிக்கொண்டு வந்தது.

"சாரா."

"இன்னாங்க?"

"ஏஞ்சலின் பொறந்தப்ப தலையில ஒரு வாசன வந்துச்சே. பால் மாதிரியும் இல்லாம, வேற எது மாதிரியும் இல்லாம. நான் ஷிப்ட்லேந்து வந்து குளிச்சிட்டு மோந்துக்கினே இருப்பேனே."

"ம்."

"பொறக்கப்போற கொழந்தைக்கும் அது இருக்குதான்னு பாத்து சொல்றியா?"

சாராள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானை கண்ணுக்குப் போனது. முன்னால் டாக்சி மேம்பாலத்தில் ஏறியது. அவள் திரும்பாமலே, "சொல்றேன். தெனமும் சொல்றேன். மொதல்ல கியர மாத்துங்க, வண்டி முக்குது" என்றாள்.